குல்லாப் பாட்டும் சுந்தரேசன் மாமாவின் திருத்தங்களும்

பிரபாவின் முதல் ஆல்பத்தில் குல்லாப் பாட்டைத் தவிர எல்லாம் தயார். மேடையில் அவள் அதைப் பாடினால் டெல்லித் தமிழர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் சிரிப்பார்கள். கோல் மார்க்கெட்டில் மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த ஸ்டூடியோவில் அதே பாட்டு இரங்கல் தீர்மானம் போல ஒலித்தது.

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சிரிப்புக்கு இடம் விட்டுப் பாடிப் பழகியவள் அவள். இங்கே சிரிக்க ஆளில்லை. ஒலிப்பதிவாளர் லக்கி பையாவுக்குத் தமிழ் தெரியாது. இடைவெளிகளையெல்லாம் பொறுப்பாக வெட்டிவிட்டு, "காலி ஜகா நிகால் தியா, தீதி" என்றார்; காலி இடத்தையெல்லாம் எடுத்துவிட்டாராம். இப்போது பாட்டு, ரயிலைத் தவறவிட்டவனின் மூச்சு மாதிரி இருந்தது.

"இன்னும் ஒரு தடவை பாத்துடலாம். வரலேன்னா இந்தப் பாட்டையே தூக்கிடலாம்" என்றாள் பிரபா. ஆல்பத்தின் உயிரே அதுதான். ஆனால் நான் கஞ்சிரா வாசிப்பவன். கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது.

அப்போது மோதி பாக்கிலிருந்து பஸ் பிடித்து, மகள் தொண்டைக்காக பிளாஸ்கில் மிளகு ரசத்தோடு வந்து சேர்ந்தார் சுந்தரேசன் மாமா. பிரபாவின் அப்பா, மத்திய அரசில் அதிகாரி. மேஜைக்கு வந்த எந்த வரைவையும் திருத்தாமல் மேலே அனுப்பியதில்லை என்பது அவர் பெருமை. பாட்டு அவரைப் பற்றியது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தலையில் சாட்சாத் பாட்டில் வரும் அந்தக் குல்லா.

"வெளில குளிர்றது. நான் ஒரு ஓரமா இருக்கேன்" என்று மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பிரபா என்னைப் பார்த்தாள். நான் கஞ்சிராவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் லக்கி பையா கட்டைவிரலை உயர்த்தினார்.

"தீபாவளி மறுநாளே தலையில் ஏறும் குரங்குக் குல்லா,
ஹோலிக்குத்தான் இறங்கிவரும், அப்பா முகம் அதுக்குள்ள."

வழக்கம்போல இடம் விட்டாள்.

"மறுநாள் இல்லை. கார்த்திகை பொறந்தப்புறம்" என்றார் மாமா.

பிரபா நிறுத்தவில்லை.

"வேட்டிக்குள்ளே பேன்ட்டு உண்டு, ஷாலுக்குள்ளே ஸ்வெட்டர் ரெண்டு."

"ஒண்ணுதான் என்னுது. இன்னொண்ணு உங்கம்மாது."

"ஹீட்டர் மட்டும் போடமாட்டார், மீட்டர் ஓடும் வேகம் கண்டு."

"மீட்டருக்காக இல்லை. தோல் வறண்டுபோறது."

இப்படியே கடைசி வரி வரை போயிற்று. மாமா குல்லாவைக் கழற்றிப் பார்த்தார்.

"இது என்னைப் பத்தியா?"

"ஆமாம்ப்பா."

"மேடையிலயும் பாடறயா?"

"ரெண்டு வருஷமா."

"தப்புத் தப்பாவேவா?"

பதில் சொல்வதற்குள் லக்கி பையா ஓடி வந்தார். "அங்கிள் கா பார்ட் ஏக்தம் மஸ்த்", அங்கிள் பகுதி பிரமாதம் என்று மாமாவின் கையைக் குலுக்கி, இவரை ஏன் முதலிலேயே கூட்டி வரவில்லை என்று எங்களைக் கோபித்துக்கொண்டார். எழுதிவைத்த ஜோடிப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார். இந்த முறை வெட்டுவதற்கு அவருக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

போட்டுக் கேட்டோம். பிரபா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்பா, இதை இப்படியே ஆல்பத்துல போட்டுக்கட்டுமா?"

மாமா இன்னொரு தரம் போடச் சொன்னார். ஃபைல் படிக்கிற முகத்தோடு கேட்டார்.

"இப்பதான் விவரம் சரியா இருக்கு. போட்டுக்கோ. என் பேர் மட்டும் வேண்டாம், ஆஃபீஸ்ல பேசுவா."

"பின்ன யார் குரல்னு போடறது?"

"சம்பந்தப்பட்ட அதிகாரின்னு போடு" என்று சொல்லிவிட்டு, லக்கி பையாவுக்கு முதலில் ரசம் ஊற்றினார்.