கதவுக்குள் நின்ற தண்ணீர்

ஜாக்கி வண்டியைத் தூக்கவில்லை. வண்டிக்குள் போனது.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றத்தான் வைத்தேன். கதவுகளுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்குப் படி மாதிரி ஒரு பெட்டித் தகரம் ஓடுமே, அதற்கடியில் வைத்து நாலு சுற்றுச் சுற்றியதும், நனைந்த அட்டைப்பெட்டி போல அது பொதுக்கென்று உள்ளே அமுங்கிவிட்டது. அதற்கு மேலே கதவு மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பளபளவென்று இருந்தது. தூறல் வேறு. படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவருக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அடுத்த தெருவில் ஒரு அம்மா சிறுநீர் டியூப் மாற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். வந்த ஆத்திரத்தில் அந்தத் தகரத்தை ஓங்கி ஒரு உதை விட்டேன். உதைத்த இடத்திலும் ஓட்டை விழுந்தது.

இதில் சிரிப்பு என்னவென்றால், என் வீட்டுக்காரர் டிங்கர். நசுங்கியது, கிழிந்தது, துருப்பிடித்தது என்று எந்த வண்டி வந்தாலும் வெட்டி, வெல்டிங் அடித்து, பட்டி போட்டுத் தேய்த்து, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் திருப்பித் தருவார். கீழே பட்டறை, மேலே நாங்கள். ஊரே அவர் கையைப் புகழும்.

நான் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இல்லை, வீடு வீடாகப் போகிற நர்ஸ். இந்தப் பழைய வண்டியை நானே சம்பாதித்து வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அது கண்ணை உறுத்தியது. நான் வந்து இறங்கியதும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார், மீட்டரைப் பார்ப்பார். "இன்னிக்கு ரொம்ப ஊர் சுத்தியிருக்க போலிருக்கு" என்பார். வண்டி இல்லையென்றால் என் வேலை இல்லை. வேலை இல்லையென்றால், பட்டறைக்கு மேலே இருக்கிற அந்த இரண்டு அறைக்குள் பெயிண்ட் தின்னர் வாடையை மூச்சிழுத்துக்கொண்டு, கீழே வேலையாட்களுக்கு டீ கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் மழைக்கு முன்னால், பட்டறைக்கு லீவு விட்ட ஒரு நாளில், "உன் வண்டி துருப்பிடிக்காம இருக்க அடியில கோட்டிங் அடிச்சுத் தரேன்" என்றார். எனக்குக் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, கதவுகளின் அடிப்பக்கம் உட்பட மூலைமுடுக்கெல்லாம் பூசினார். நான்தான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். "இந்தப் பக்கம் காட்டு, கொஞ்சம் கீழ" என்று அவர் சொல்லச்சொல்லக் காட்டினேன். அடியில் எதை வைக்கிறார், எதைப் பூசுகிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தவருக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். கட்டுப்போடப் போன வீட்டிலெல்லாம், என் வீட்டுக்காரர் என் வண்டிக்கு என்ன செய்தார் தெரியுமா என்று வாய் ஓயாமல் பெருமையடித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

ஜாக்கி உள்ளே போன தெருவின் முனையில் சோடாபுட்டியின் பட்டறை இருந்தது. சோடாபுட்டிக்கு அந்தப் பெயர் அவன் போட்டிருக்கும் தடிக் கண்ணாடியால் வந்தது. ஒரு காலத்தில் என் வீட்டுக்காரரோடு பங்கு வைத்திருந்தவன். இப்போது இருவரும் ஒருவரையொருவர் எதிரே கண்டால் காறித் துப்பாத குறை. நான் போய்க் கூப்பிட்டதும் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஊருக்கெல்லாம் துரு எடுக்கற பெரிய மனுஷன் வீட்டு வண்டியா? அவனையே கூப்பிடுங்களேன்."

"சக்கரம் மாத்தணும். உங்க ஜாக்கியைக் குடுக்க முடியுமா, முடியாதா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஆனால் உடைந்த இடத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். தரையில் கோணியை விரித்துப் படுத்தான். விரல் கணுவால் தகரத்தை நெடுகத் தட்டினான். முன்பக்கம் 'டங்' என்றது. நடுவில் வர வர 'தொப் தொப்' என்றது.

"கதவைத் தெறந்து மூடுங்க" என்றான்.

மூடினேன். உள்ளே சளக்கென்று தண்ணீர் ஆடியது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போனது. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "உன் காதுலதான் தண்ணி போயிருக்கு, சாய்ச்சு ஒரு தட்டு தட்டு" என்று சிரித்தார். நானும் அசட்டுத்தனமாகச் சேர்ந்து சிரித்தேன்.

"கேக்குதுங்களா? மழைத்தண்ணி கண்ணாடியோரமா கதவுக்குள்ள எறங்கத்தான் செய்யும். எல்லா வண்டிலயும் எறங்கும். எறங்கின தண்ணி வடியறதுக்குன்னு அடியில ஓட்டை விட்டுத்தான் கம்பெனிக்காரன் செய்யறான். கதவுல இருக்கு, இந்தப் படியிலயும் இருக்கு. உங்க வண்டில ஒண்ணையும் காணோமே."

"கோட்டிங் அடிச்சப்ப மூடியிருக்கும்."

"ஆமா, புதுசா தொழிலுக்கு வந்தவங்க அடிச்சா மூடிக்கும். குச்சியால குத்திவிட்டா சரியாயிடும்." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கதவின் அடி விளிம்பில் கறுப்புக் கோட்டிங்கைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட ஒரு ரப்பர் மூடி தெரிந்தது. வட்டமாக, அளவெடுத்து வெட்டியது. சுற்றிலும் பசை வைத்து, அதற்கு மேலே கோட்டிங். நெம்பி எடுத்தான்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. துருவின் நிறத்தில், நாற்றத்தோடு, நிற்காமல் ஒழுகி என் செருப்பை நனைத்தது.

சீழ் வடிகிற புண்ணை மேலே தைத்து மூடினால் உள்ளே என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் புரிந்துகொள்ள மனசு வராமல் நின்றேன். அவன் அடுத்ததை எடுத்தான், அதற்கடுத்ததை எடுத்தான். அந்தப் பக்கம் போய் அங்கேயும் எடுத்தான். ஒன்று விடாமல் அடைத்திருந்தது.

"இது கைதவறி நடந்த வேலை இல்லீங்க" என்றான் சோடாபுட்டி. கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் மின்னியது. "வேலை தெரிஞ்சவன் உக்காந்து நிதானமா செஞ்சது. எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கான், பாருங்க!"

அவன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள என் தலைதானா கிடைத்தது? மூடிகளை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"சரி பண்ண முடியுமா?"

"ரெண்டு பக்கமும் நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டணும். புதுசு வெச்சு வெல்டிங் அடிக்கணும். உள்ளுக்குள்ள மெழுகு அடிக்கணும். முக்கியமா, ஓட்டையைத் தொறந்தே விடணும். செஞ்சா இன்னும் ரொம்ப நாள் ஓடும். இப்பவே யாரையாவது ஏத்திக்கிட்டு வேகமா போனீங்கன்னா, உங்க உயிருக்கு நான் பொறுப்பில்ல."

சக்கரத்தை வேறு கெட்டியான இடத்தில் ஜாக்கி வைத்து மாற்றிக் கொடுத்தான். அடுத்த தெரு அம்மாவுக்கு நடந்தே போய் டியூப் மாற்றினேன். முடித்துவிட்டு வந்து வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்து பட்டறைக்குள் நிறுத்தினேன்.

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மட்டும் யாருடைய வண்டியின் கதவையோ ஈர உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என் வண்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். குனியவில்லை, தட்டவில்லை, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முடிஞ்சுது. பழைய இரும்புக்கடைக்குத் தள்ளிட வேண்டியதுதான்" என்றார். "நான் அப்பவே சொன்னேன், பழைய வண்டி வாங்காதேன்னு."

நசுங்கிப்போன லாரியைக் கூடச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்க்கிற மனிதர். மூடிகளை அவர் தேய்த்துக்கொண்டிருந்த வண்டியின் பானெட் மேல் கொட்டினேன். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. இருந்தாலும் விடவில்லை.

"எவனாவது வேலையாள் தெரியாம வெச்சிருப்பான்."

"அன்னிக்கு எந்த வேலையாள் வந்தான்? டார்ச் பிடிச்சது யாருங்க?"

உப்புத்தாளைத் தண்ணீர் வாளிக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"சொல்லுங்க. ஒவ்வொரு ஓட்டையா அடைச்சீங்க. நான் வெளிச்சம் காட்டினேன். ஒரு தடவையாவது கை கூசலையா?"

"ஆமாண்டி, அடைச்சேன்!" குரல் தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. "எதுக்கு அடைச்சேன்? காலைல போறவ இருட்டினப்புறம் வர்றே. எந்த வீடு, எந்தத் தெரு, எவன் இருக்கான், எனக்கு என்ன தெரியும்? கையில சாவி, பையில பணம். ஒரு நாள் அப்படியே போயிட்டேன்னா நான் என்னடி பண்றது? தெனம் ஜன்னல்ல நின்னு நீ திரும்புறியான்னு பாக்கறேன், உனக்குத் தெரியுமா? வண்டி தானா கெட்டுப்போச்சுன்னா நீயும் வீட்டோட இருந்துடுவேன்னு நெனச்சேன். சண்டை இல்லாம, சத்தம் இல்லாம முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

அழுதுவிடுவார் போலிருந்தது. இரக்கம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன். வரவில்லை.

"போன வாரம் கட்டுப்போடற பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பின்சீட்டுல படுக்க வெச்சு. போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அப்பவாவது வாயைத் தெறந்திருக்கலாமில்ல?"

அப்போதுதான் அவர் குனிந்தார். தொழில் புத்தி. முட்டி போட்டு, உடைந்த விளிம்பை விரலால் கிள்ளிப் பார்த்தார். தகரம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே கைவிட்டுத் துழாவினார். நெற்றியைச் சுருக்கினார். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்ட மாதிரி தனக்குள் சொல்லிக்கொண்டார்:

"இவ்வளவு சீக்கிரம் தின்னுடும்னு நெனக்கலையே. இன்னும் ரெண்டு மழையாவது தாங்கும்னுல்ல கணக்குப் போட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சடாரென்று நிமிர்ந்தார். "விடு, நானே பிரிச்சுப் புதுசா செஞ்சு தரேன். ஒட்டு எங்க இருக்குன்னு எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. உனக்கே தெரியாது."

அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கையைப் பிடிக்க வந்தார். அவர் கையெல்லாம் என் வண்டியின் துரு. நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். புண் கழுவுகிற பெட்டி வண்டிக்குள்ளேயே இருந்தது. மேலே போய் இரண்டு மாற்றுத் துணியை மட்டும் எடுத்து வந்தேன். அவர் பட்டறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறே?"

வண்டிக்குள் ஏறி சாவியைத் திருகினேன். ஜன்னல் வழியாகச் சொன்னேன்:

"உங்களை விட்டுட்டுப் போகணும்னு எனக்கு ஒரு நாள்கூடத் தோணினதில்லைங்க. நீங்க ஜன்னல்ல நின்ன எல்லா நாளும் நான் வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் தோணுது. வழி விடுங்க."

அவர் நகரவில்லை. நான் மெதுவாக ரிவர்ஸ் எடுத்தேன். பம்பர் அவர் முழங்காலைத் தொட்டபோது நகர்ந்தார்.