எலிஹியோவின் வாயும் ஒட்டாத உறையும்

ஞாயிறு பூசை முடிந்தபின் பள்ளி விடுதி முற்றத்து அல்கரோபா மரத்தடியில் கூடியவர்கள்: விடுதிக் குழுத் தலைவி தோன்யா எர்மெலிந்தா, நிழல் நன்றாக விழுந்த இடத்தில், கைவைத்த ஒரே நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் அவர் கணவர், மருந்துக்கடை தோன் சிரியாகோ; எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா. அடுத்து, ஒரு பெஞ்சு முழுவதையும் தன் பாவாடையால் நிரப்பிக்கொண்டு, பெற்றோர் சார்பில் தோன்யா நிமியா. விடுதிக் காப்பாளர் விதால், நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் மோவாயை ஊன்றியபடி. குழுவின் செயலாளரான நான், ஆடுகிற மேசைக்குப் பின்னால், வெயிலில். எங்கள் எல்லோருக்கும் தெற்கே, கவிழ்த்த பழப்பெட்டியின் மேல், தண்ணீர்க் கூஜாவும் மாட்டுக்கொம்புக் குவளையுமாக எலிஹியோ.

தெற்கே என்று சும்மா எழுதவில்லை. அன்று வடகாற்று. சாக்கோ சமவெளியின் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வரும் காற்று. தோன்யா எர்மெலிந்தா வந்ததும் விரலை நாக்கில் தொட்டு மேலே பிடித்துப் பார்த்தார். பிறகுதான் பையனுக்கு இடத்தைக் காட்டினார். பதினைந்து வயதுப் பையனை உட்காரவைக்கக் காற்று பார்த்த கூட்டம் எங்கள் ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை.

பேச வந்த விஷயம் அவனுடைய வாய் நாற்றம்.

கூட்டத்தில் யார் இளையவரோ அவர்தான் தெரெரே ஊற்ற வேண்டும். ஆகவே அவன் கொம்பில் யெர்பா இலையைத் திணித்து, குளிர்ந்த நீரை ஊற்றி, உலோகக் குழலைச் செருகி, தலைவியிடம் கொடுத்தான். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர, மறுபடி ஊற்றித் தோன் சிரியாகோவுக்கு. இப்படியே வரிசையாக. இத்தனை பேரும் ஒரே குழலில் வாய் வைத்து, அவன் கையால் வாங்கிக் குடித்துக்கொண்டே, அவன் வாயைப் பற்றி அவன் காதுபடப் பேசினார்கள். கை நாறவில்லை போலிருக்கிறது.

தோன்யா நிமியாதான் ஆரம்பித்தார். அவர் மகனுக்கும் எலிஹியோவுக்கும் அடுத்தடுத்த கட்டில். மகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம், இளைத்துவிட்டானாம். அந்த மகனை நான் முந்தின நாள்தான் பார்த்தேன். அவன் ஏறினால் கோவேறு கழுதை முனகும்.

தோன் சிரியாகோ தாம் பார்த்த வைத்தியங்களை அடுக்கினார். ஊருக்கு வந்துபோன பல் மருத்துவர் எலிஹியோவின் பற்களைத் தட்டிப் பார்த்து, ஒரு சொத்தைகூட இல்லை, எலும்பைக் கடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனவே குற்றம் வயிற்றில் என்று தோன் சிரியாகோ முடிவு கட்டி, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கினார். பிறகு உப்புக் கொப்பளிப்பு. பிறகு கரும்புச் சாராயத்தில் கிராம்பை ஊறவைத்துக் கொப்பளிப்பு. பிறகு ரசம், சூப்பு எதுவும் கூடாது, வறுத்த மரவள்ளி மட்டும் என்று பத்தியம். ஒவ்வொன்றுக்கும் நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. வைத்தியர் அதனால் கலங்கவில்லை.

"ஈரந்தான் நாத்தத்துக்கு வேர். கறிய உப்புப் போட்டு வெயில்ல காயவச்சா வருஷம் ஆனாலும் கெடாது. ஈரமா வச்சா மறுநாளே நாறும். இவனுக்கு உடம்புல ஈரம் ஜாஸ்தி" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் காய்ந்த கறியைச் சாட்சிக்கு இழுத்தால் எதிர்த்துப் பேச ஆளே கிடையாது.

இத்தனை பார்த்தும் தீராத வியாதி மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று தலைவி தீர்ப்புச் சொன்னார். அவன் அப்பாவுக்கு எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பையனை அனுப்பிவிட வேண்டும். அப்பா குமெர்சிந்தோ வடக்கே எல்லைப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் மாடு மேய்ப்பவர். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. எலிஹியோ இயந்திரங்களில் கெட்டிக்காரன். விடுதியின் பம்பு நின்றால் ஆசிரியர்களே அவனைத்தான் தேடுவார்கள். அடுத்த வருஷம் தொழில்நுட்பப் பள்ளிக்கு மனுப்போட இருந்தான். இந்த பஸ்ஸில் ஏறினால் அதெல்லாம் முடிந்தது; மாட்டுக்குப் பின்னால் ஓட வேண்டியதுதான்.

"நீ என்னப்பா சொல்ற?" என்று விதால் ஒப்புக்குக் கேட்டார்.

அவன் வாயைத் திறக்காமல் தோளைக் குலுக்கினான். "வாயைத் திறக்காம இருக்கிறதே நமக்குச் செய்யிற உபகாரம்" என்றார் தோன்யா நிமியா. சிரித்தார்கள்.

சொன்னபடி கடிதத்தை எழுதினேன். 'கனம் பொருந்திய' என்று தொடங்கி 'தங்கள் மகனின் நலன் கருதி' என்று முடிந்தது. யாரையாவது வெளியே தள்ளும்போது எங்கள் குழுவின் மொழி நன்றாக மெருகேறும்.

எல்லோரும் போனபின் எலிஹியோ மேசையைத் தூக்கி உள்ளே வைத்தான். என் உறைகளை ஒட்டித் தருவது எப்போதும் அவன் வேலை. உறை ஓரத்துப் பசையை நாக்கால் நனைத்தால் லேசாக இனிக்கும். விடுதிப் பையன்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். தன்னை அனுப்பிவிடும் கடிதம் என்று தெரிந்தும், கையை நீட்டினான்.

"குடுங்க தோன்யா செல்சா, நான் ஒட்டுறேன்."

நாக்கால் ஓரத்தைத் தடவினான், அழுத்தினான். உறை திறந்துகொண்டது. மறுபடி தடவினான், மறுபடி திறந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். பசை பளபளவென்று அப்படியே இருந்தது. துளி ஈரம் படவில்லை.

"நாக்கை நீட்டு."

நீட்டினான். வெள்ளை படர்ந்து, வெடித்த களிமண் போல இருந்தது. நாற்றமும் அடித்தது; இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பில் ஈரம் ஜாஸ்தி என்று தீர்ப்பான பையனிடம் ஓர் உறையை நனைக்க எச்சில் இல்லை.

உட்காரவைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். வடகாற்று தொடங்கியபோது புழுதியில் ஓயாமல் தும்மினானாம். தோன் சிரியாகோ சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்து, தினம் படுக்கும்முன் போடச் சொன்னாராம். தும்மல் நின்றது, மாத்திரை நிற்கவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. நாற்றம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"தண்ணி குடிக்கிறியா?"

"எங்க குடிக்கிறது? பம்புத் தண்ணி உப்பு. மழைத்தொட்டி விதால் சார் பூட்டுல. அது தெரெரேக்கு மட்டும்."

"தெரெரே நீதானே ஊத்துற? ஊத்துறவன்தானே முதல்ல குடிக்கணும்?"

"நான் குழல்ல வாய் வச்சா மத்தவங்க வேண்டாம்னு எந்திரிச்சுப் போறாங்க. அதான் ஆரம்பத்துலயே 'நன்றி' சொல்லிடுவேன்."

எங்கள் ஊரில் தெரெரே வட்டத்தில் நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம். அதன்பிறகு கொம்பு அந்தப் பக்கம் போகாது. இந்தப் பையன் ஒரு வாய் குடிக்காமலே போதும் என்று சொல்லி, அனல் வீசுகிற பகலெல்லாம் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இது மரியாதை தெரிந்த பிள்ளைக்குத்தான் நேரும். நிமியாவின் மகனுக்கு நேராது.

கடிதத்தை மேசைக்குள் போட்டேன். பஸ் வெள்ளிக்கிழமைதானே. மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போய், அந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளைக் கேட்டேன். தோன் சிரியாகோ அதைப் பிரித்ததே இல்லை. மடிப்புக் கலையாமல் இருந்தது. தூக்கம் வரும், வாய் உலரும், மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் தொடரக் கூடாது என்று அச்சடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் வக்கீலுக்குப் பயந்து போடுறது" என்றார். "அப்படியே காயட்டுமே. காஞ்சது நாறாதுன்னு நேத்துதான சொன்னேன்?"

"வாய் என்ன கொடியில தொங்குற கறியா, தோன் சிரியாகோ? உசிரோட இருக்கு. ராத்திரி பூரா காஞ்சு கெடந்து காலையில எந்திரிக்கிறப்போ உங்க வாய் எப்படி இருக்கும்?"

"என் வாய்க்கு என்ன?"

"தோன்யா எர்மெலிந்தாவைக் கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக மருந்து விற்கும் தமக்குக் கடிதம் எழுதுகிற பெண்பிள்ளை பாடம் சொல்ல வேண்டாம் என்றார். அவர் விற்றது உண்மைதான். படித்ததை யாரும் பார்க்கவில்லை.

விதாலிடம் தொட்டிச் சாவி கேட்டேன். தொட்டியில் நீர் குறைந்துவிட்டது, ஒருவனுக்குத் தந்தால் எல்லோரும் கேட்பார்கள், குழு தீர்மானம் போட வேண்டும் என்று இழுத்தார். சரி, விடுதிப் பிள்ளைக்கு ஏன் குடிநீர் இல்லை என்று கல்வி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன், அதுவும் வெள்ளிக்கிழமை பஸ்ஸிலேயே போகும் என்றேன். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. விதாலுக்கு இரக்கம் வரவைக்க வேறு வழி கிடையாது.

மாத்திரையை நிறுத்தினோம். சாராயக் கொப்பளிப்பைச் செடிக்கு ஊற்றினான்; செடி வாடிற்று. எனக்குச் சொந்தமான கொம்பையும் குழலையும் அவனுக்கே கொடுத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் புதினா கிள்ளிப் போட்ட தொட்டி நீரைக் குடிக்கச் சொன்னேன். பல் தேய்க்கும்போது நாக்கையும் வழித்தான். சூப்புக்குத் திரும்பினான். தும்மினால் தும்மட்டும், மூக்கில் துணி கட்டிக்கொள் என்றேன். இரண்டொரு நாள் ஒன்றும் மாறவில்லை. எனக்கே பயம் வந்தது. அடுத்த நாள் அவன் பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னபோது நான் பின்வாங்கவில்லை என்பதைச் சற்றுக் கழித்துத்தான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை அவனை வழியனுப்பக் குழு விடுதி வாசலுக்குத் திரண்டு வந்தது. நல்லது செய்யக் கூட்டினால் இப்படி நேரத்துக்கு வர மாட்டார்கள். அவன் துணிமூட்டை இல்லாமல் நிற்பதைப் பார்த்துத் தலைவி என்னைப் பார்த்தார். கடிதம் போகவில்லை, போக வேண்டிய காரணமும் போய்விட்டது, வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள் என்றேன்.

யார் முகர்வது? அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இவ்வளவு நாளும் இவன் நாறுகிறான் என்று பேசியவர்களில் ஒருவரும், கை நீட்டிக் கொம்பை வாங்கியது தவிர, சமீபத்தில் அவன் மூச்சுப் படும் தூரத்துக்குப் போனதில்லை. தலைவி கணவரைப் பார்த்தார். கணவர் விதாலைப் பார்த்தார். விதால் பஸ் வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் தோன்யா நிமியா, மகனுக்காகச் சிலுவை சுமப்பவர் போல, கைக்குட்டையை மூக்கருகே தயாராகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஊது."

எலிஹியோ அவர் முகத்திலேயே நிதானமாக ஊதினான். அவர் கைக்குட்டையை உயர்த்தவில்லை. இன்னொரு தரம் ஊதச் சொன்னார்.

"புதினாதான் வருது" என்றார், ஏமாந்துபோனவர் குரலில்.

முதலில் சுதாரித்தவர் தோன் சிரியாகோ. "நான் சொல்லல? சாராயமும் கிராம்பும் உள்ள இறங்கி வேலை செய்ய நாளாகும்" என்றார். மாத்திரையைப் பற்றி நான் சொன்னதைத் தலைவி காதில் வாங்கவில்லை. குழு எடுத்த அக்கறையால் பையன் குணமடைந்தான், தோன் சிரியாகோவுக்கு நன்றி என்று அப்பாவுக்கு எழுதும்படி அந்த இடத்திலேயே உத்தரவிட்டார். அனுப்பிவிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவன் ஏன் போக வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், நாங்கள் எப்போது சொன்னோம் என்று கேட்டிருப்பார்கள்.

வெயில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் தாகம். எலிஹியோ கூஜாவையும் வட்டத்துக் கொம்பையும் எடுத்தான். முதல் கொம்பை ஊற்றி, ஊற்றுபவனுக்கு உரியபடி, தானே வாயில் வைத்தான். அவசரப்படாமல் அடிவரை உறிஞ்சினான். தலைவி காத்துக்கொண்டு நின்றார். அடுத்ததை அவரிடம் நீட்டினான். அவர் குழலைக் கைக்குட்டையால் துடைத்தார். எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட முடியாது. ஆனால் குடித்தார். தாகம் அவருடைய கௌரவத்தைவிடப் பெரிதாக இருந்தது.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு, ஆடுகிற அதே மேசையில் புதிதாக எழுதினேன். உங்கள் மகன் நலம். தும்மலுக்குக் கொடுத்த மாத்திரையாலும் தண்ணீர் இல்லாததாலும் வாய் உலர்ந்து நாற்றம் வந்தது, இரண்டும் சரியாகிவிட்டன. அடுத்த வருஷம் தொழில்நுட்பப் பள்ளிக்கு மனுப்போடுகிறான், உங்கள் கையெழுத்து வேண்டும். தோன் சிரியாகோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பேரு வரலியே."

"மாத்திரை யாரு குடுத்ததுன்னு எழுதணுமா?"

அவர் நிழலுக்குப் போய்விட்டார்.

பஸ் புழுதியோடு வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே கையை நீட்டி, சீக்கிரம் என்றார். கடிதத்தை மடித்து உள்ளே போட்டு உறையை எலிஹியோவிடம் கொடுத்தேன். அவன் ஓரம் முழுவதும் நாக்கை ஓட்டி, கட்டைவிரலால் அழுத்தினான். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அவனே ஓடிப்போய்க் கண்டக்டர் கையில் கொடுத்தான். பஸ் கிளம்பியது.