எல்லாருக்கும் ஒரே கோட்டு

மத்திகிரியில் அருள்ஜோசப்பின் ஸ்டுடியோவுக்குக் காலர் கிழிந்த சட்டையோடு போனாலும், பாஸ்போர்ட் சைஸ் படத்தில் நீலக் கோட்டோடுதான் வெளியே வரலாம். கம்பெனி அடையாள அட்டைக்கோ வங்கிக் கணக்குக்கோ, யார் வந்தாலும் அவர் கணினியில் இருந்த அந்த ஒரே கோட்டில் கழுத்து கச்சிதமாகப் பொருந்திவிடும்.

அந்தக் கணினிதான் இன்று காலையிலிருந்து நத்தையாய் நகர்ந்தது. போன வாரம் அவர் எடுத்துக் கொடுத்த, டெல்பின் என்ற பெண்ணின் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. கேமராவின் மெமரி கார்டை அழித்து, அதிலேயே ஒரு காதுகுத்தையும் எடுத்தாயிற்று. சாயங்காலம் ஆல்பத்துக்குப் படம் பொறுக்க டெல்பின் வருகிறாள்.

அருள் இணையத்தில் தேடினார். இலவச வைரஸ் சோதனை என்று ஒரு பக்கம் திறந்தது. பொத்தானை அழுத்தியதும் பச்சைக் கோடு ஓடியது. கோப்புப் பெயர்கள் சரசரவென்று உருண்டன. கடைசியில், சி டிரைவில் பதினான்கு வைரஸ்கள் என்று சிவப்பில் வந்தது. சுத்தம் செய்யும் மருந்தை இறக்கிக்கொள்ளச் சொன்னது, இறக்கினார். ஓட்டட்டுமா என்று கணினி கேட்டது. விரலை நீட்டும் நேரத்தில் மனைவி மேரிராணி காபியோடு வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குத் தன் போன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுவும் சூடாகிறதாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யச் சொல்லி அடம்பிடித்தாள். அருள் அதே பக்கத்தை அவள் போனில் திறந்தார். பச்சைக் கோடு ஓடியது. சி டிரைவில் பதினான்கு வைரஸ்கள்.

“ஏங்க, என் போன்ல சி டிரைவு எங்கீங்க இருக்குது? அது கம்ப்யூட்டர்லதானுங்களே?”

வந்தவர்களுக்குப் படம் காட்டுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த ஸ்மார்ட் டிவியிலும் அருள் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தார். டிவிக்கும் சி டிரைவு, டிவிக்கும் பதினான்கு.

மேரிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது உள்ள எட்டியே பாக்கலீங்க. நீங்க வர்றவங்களுக்கெல்லாம் ஒரே கோட்டை மாட்டி உடறீங்களே, அந்தக் கதைதான்.”

தொழிலை வைத்துச் சொன்னதும் அருளுக்குச் சுரீரென்று உறைத்தது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, முதல் வேலையாகக் கல்யாணப் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தார். பிறகு போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டார்.

ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் அது கணினியையே துழாவிவிட முடியாது, நாமாகக் கொடுக்கும் கோப்பைத்தான் பார்க்க முடியும் என்றார் ஹரீஷ். அப்படி வாங்கிப் பல வைரஸ் தடுப்புகளிடம் காட்டி முடிவு சொல்லும் நல்ல தளமும் உண்டாம். இறக்கிய மருந்தை வேண்டுமானால் அங்கே போட்டுப் பார்க்கச் சொன்னார். “கல்யாணப் படத்தை மட்டும் ஏத்திராதீங்கண்ணா. குடுத்தது அங்கயே தங்கிரும், நாலு பேரு பாப்பாங்க.”

மருந்தை ஏற்றியதும் திரை முழுக்கச் சிவப்பு. விஷமேதான். அழித்துவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருந்த வைரஸ் தடுப்பையே முழுச் சோதனைக்கு விட்டார். ஒன்றும் இல்லை. வேகம் குறைந்ததற்குக் காரணம், வருடக்கணக்கில் சேர்ந்து டிஸ்க்கை அடைத்திருந்த பாஸ்போர்ட் படங்கள்.

சாயங்காலம் டெல்பின் புருஷனோடு வந்து, சிரித்துச் சிரித்துப் படம் பொறுக்கினாள். அவருக்கு அப்படியே கம்பெனி அடையாள அட்டைக்கு ஒரு பாஸ்போர்ட் படமும் வேண்டுமாம். மேரிராணியின் பார்வை முதுகில் குத்த, அருள் முதல் முறையாக ஒருவரிடம் கோட்டு வேண்டுமா, சட்டையே போதுமா என்று கேட்டார்.

“கோட்டே போட்டுருங்கண்ணா,” என்றார் அவர். “எங்க கம்பெனில எல்லாரும் அந்தக் கோட்டுதானுங்க.”