மஞ்சள் கட்டை

வாஷிங் மெஷினின் முன்கால் ஒன்றின் கீழே மரக்கட்டையைச் செருகி, முழங்காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். ஆடவில்லை. துணி பிழியும்போதெல்லாம் அடியடியாக நகர்ந்து வந்து கதவை இடிக்கிற மெஷின் அது. அந்த வீட்டில் துணி துவைக்கிறார்கள் என்பது தெருக்கோடி வரை தெரியும். பிழியும் சத்தம் கேட்டதும் கொழுந்தன் எங்கிருந்தாலும் ஓடிவந்து இரண்டு உள்ளங்கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்வான். அண்ணன் வீட்டில் அவனுக்குக் கிடைத்த ஒரே நிரந்தர உத்தியோகம் அதுதான் என்பாள் எதிர்வீட்டுக்காரி.

கட்டை, கார் கொட்டகையிலிருந்து எடுத்தது. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொன்று கிடந்தது. புருஷன் குளிக்கப் போயிருந்தான். நிற்கிற காருக்கு இரண்டு எதற்கு? இந்தத் துணி முடிந்ததும் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷனைத் தெருவில் டாக்டர் என்பார்கள். இருப்பதென்னவோ மூக்குக்கண்ணாடிக் கடை. ஆனால் யார் வீட்டு மிக்ஸி முனகினாலும் போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து நோய் இன்னதென்று சொல்லிவிடுவான். சொன்னது பலித்ததாக யாருக்கும் நினைவில்லை. பலர் கை மாறி வந்த அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கியதிலிருந்து வைத்தியமெல்லாம் அதற்குத்தான். கியரில் போட்டால் யோசித்துவிட்டுத்தான் நகரும். சீரான வேகத்தில் போகும்போது, சல்லடை மேல் ஓடுவதுபோல் உடம்பெல்லாம் நடுங்கும். ஆயில் கறுத்துத் தீய்ந்து நாறியது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர்தான் கெட்டிருக்கிறது என்றான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருந்தது. ஒரு காலால் பிரேக்கை இறுக்கி மிதித்து, டிரைவில் போட்டு, மறுகாலால் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்த வேண்டும். இன்ஜின் வேகத்தைக் காட்டும் ஊசி ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் நின்றுவிட்டால் குற்றவாளி கன்வெர்ட்டர். அதைத் தாண்டிப் பறந்தால் கியர்பாக்ஸ். அந்த நேரத்தில் காருக்கு எதிரே ஈ, காக்கை நிற்கக்கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். டாக்டர் எதிரே நின்று காதைக் கொடுத்துத்தான் கேட்பான். கட்டை இருக்கிறதே என்பான். அவனே இழைத்து, அவனே மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டைகள்.

முன்பெல்லாம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவள் அவள்தான். அன்றைக்கும் கூப்பிட்டான்.

“துணி ஓடிட்டிருக்கு. உங்க தம்பிய உக்கார வைங்க.”

மெஷின் பிழிய ஆரம்பித்தது. ஆசைக்கு அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் சிலிர்த்ததே தவிர, சிந்தவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொட்டகையில் கார் உறுமியது. “இன்னும் அழுத்துடா” என்று புருஷன் குரல் கேட்டது. அப்போதுதான் கட்டை ஞாபகம் வந்தது. ஓடியிருக்கலாம். முதலில் தம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை. நிமிர்வதற்குள் சுவர் அதிர்ந்தது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து புருஷன் உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். வந்தவர்கள் பலரும் முதலில் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு வந்தார்கள். கார் கோணலாக நின்றது. ஒரு சக்கரம் கட்டையில் முட்டி நிற்க, மறுபக்கம் சுவர்வரை போயிருந்தது.

கொழுந்தன் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னான். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை, பெடல்தான் உள்ளே போய்விட்டது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போய் வேறு மாதிரிப் பேசினார்கள். மாமியார் அவன் முகம் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மெக்கானிக் வந்தார். கொட்டகைக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“கட்டை ஒண்ணுதான் போட்டிருந்தாரா?”

“அண்ணன் எப்பவும் ரெண்டு போடுவாரு. நான் உக்காரும்போது பாக்கல” என்றான் கொழுந்தன்.

“நீ எதைத்தான் பாத்த?” என்றாள் மாமியார், சுவரைப் பார்த்தபடி.

மருமகள் வாயைத் திறந்தாள். பாவம், நெஞ்சை அடைக்கிறது போலிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். குடித்து முடிப்பதற்குள் மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பிய சாயங்காலம் மாமியார் பொதுவாக ஒன்று சொன்னாள்.

“இனிமே அவன் இந்த வீட்ல இருக்கக் கூடாது.”

கொழுந்தன் உள்ளே போய் இரண்டு சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தான். மருமகள் ஒருத்தியாவது தடுப்பாள் என்று நினைத்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

இதற்குள் எதிர்வீட்டுக்காரியை மூக்கு பின்கட்டுக்கு இழுத்துப் போயிருந்தது. நேற்றைய ஈரத்துணி மெஷினிலேயே கிடந்து வாடை அடிக்கிறது, இன்னொரு தடவை பிழிந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்திவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மருமகள் எழுந்திருப்பதற்குள் மெஷின் சுழலத் தொடங்கிவிட்டது.

வாசற்படியில் கால் வைத்திருந்த கொழுந்தன் சத்தத்தைக் கேட்டான். பையை அப்படியே போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் உள்ளே ஓடினான். அவள் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றாள்.

இரண்டு உள்ளங்கையாலும் மெஷினை அழுத்திப் பிடித்தான். வேகம் கூடியது. இன்னும் கூடியது. அவன் ஒரு கையை எடுத்தான். பிறகு மறுகையையும் எடுத்தான். மெஷின் நகரவில்லை. அப்புறம் மெதுவாகக் குனிந்தான்.

மெஷினின் காலடியில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது.

நிமிர்ந்தவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“என்னடா, இன்னிக்கு மெஷின் இடிக்கிற சத்தமே காணோம்?” என்று கூடத்திலிருந்து எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

அவன் இரண்டு கைகளையும் திரும்ப மெஷின்மேல் வைத்தான். முழங்கை மடங்காமல் அழுத்தினான்.

“நான் புடிச்சிட்டிருக்கேன்க்கா.”

துணி பிழிந்து நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.