மேல்மாடி ஓவியர்

ஜெகநாதன் ஓவியர். படம் மட்டும்தான் இன்னும் வரையவில்லை.

கல்யாணமான புதிதில் வாங்கிய வாட்டர் கலர் டப்பா பீரோவில் இருந்தது. மகன் பிறந்தபோது, "இவன் நடக்கட்டும்" என்றார். நடந்தான். "பத்தாவது முடிக்கட்டும்" என்றார். முடித்து, காலேஜும் முடித்து, ஓசூருக்கு வேலைக்கே போய்விட்டான். அப்புறம், "ரிடையர் ஆவட்டும்" என்றார். இந்தச் சித்திரையில் அதுவும் ஆனது. சாக்குகள் எல்லாம் தீர்ந்து நடுத்தெருவில் நின்ற மனிதருக்கு நல்லவேளையாக இன்னொன்று அகப்பட்டது: மலையைப் பார்த்து வரையத் தனியாக ஒரு ரூம் வேண்டாமா?

"ஆங், கட்டுங்க. மல எங்க போயிடப் போவுது" என்றாள் மனைவி அம்சா.

திருத்தணி மலை முழுசாகத் தெரிகிற மாதிரி மாடியில் ரூம் எழும்பியது. பெரிய ஜன்னல், படம் வரையும் ஸ்டாண்டு, பத்து சைஸில் பிரஷ். இதற்குப் பிறகும் தொடாவிட்டால் இந்த ஜென்மத்தில் தொடப்போவதில்லை என்று அவருக்கே உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. வெள்ளை பூசி முடித்த வாரம், வேலைக்குப் போன காலத்தில் கூட ரயிலில் வந்த தன்வீருக்குப் போன் போட்டு, "ரூம வந்து பாரு பாய்" என்று பெருமையாகக் கூப்பிட்டார்.

அது ஆடிக் கிருத்திகை வாரம். திருத்தணியில் மாடி கட்டுகிறவன் எதை மறந்தாலும் இதை மறக்கலாமா? ஊரில் வீடு வைத்திருப்பவன் எல்லாம் அந்த மூன்று நாள் சத்திரக்காரன்தான். நகரியிலிருந்து அக்கா புருஷன் ஆதிகேசவன் காவடியோடு வந்து இறங்கினார். கூட பதினோரு பேர்.

"மச்சான், மேல ரூம் ஒண்ணு கட்டிகீற போல? நமக்குன்னே கட்டின மாதிரி கீது" என்றார். மூட்டைகள் நேராக மாடிக்கு ஏறின. சற்று நேரத்தில் ஸ்டாண்டில் மஞ்சள் வேட்டிகள் காய்ந்தன. பிரஷ் ஜாடியில் யாரோ பல் விளக்கும் பிரஷ்களைப் போட்டார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் தன்வீர் அரக்கோணத்திலிருந்து வந்தான். அவன் ஏசி மெக்கானிக். முப்பது வருஷம் காலையும் மாலையும் சென்னை ரயிலில் எதிர் சீட்டு. மாடியில் கால் வைக்க இடமில்லாததால் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

தன்வீர் பையிலிருந்து பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்தான். "நீங்க ஓவியரு. பாத்துச் சொல்லணும் சார். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கூச்சப்பட்டான்.

எல்லாம் பால்பாயிண்ட் பேனா படங்கள். மணவூர் ஸ்டேஷன், பூக்கூடைக்காரி, தூங்கி வழிகிற கான்ஸ்டபிள். நடுநடுவே ஜெகநாதன். மீசை கருத்த ஜெகநாதன், நரைத்த ஜெகநாதன், தலையில் முடி போன ஜெகநாதன். ஒவ்வொன்றிலும் வாய் திறந்திருந்தது.

"நீ குறுக்கெழுத்து போட்டுகினு இருக்கேன்னு இல்ல நெனச்சேன்."

"நீங்க பேசிகினு இருப்பீங்களா, கை சும்மாதானே இருக்குதுன்னு வரைஞ்சேன்."

"அப்பிடி இன்னாத்த பேசினேன்?"

"வரையறதுக்கு நேரமே கெடைக்கலன்னு சொல்லுவீங்க சார். போறப்பவும் வரப்பவும்."

ஜெகநாதனுக்கு முகம் எரிந்தது. தினம் மூன்று மணி நேரம். முப்பது வருஷம். அவமானத்தை விட அதிகமாக அவருக்குப் பொறாமைதான் வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. மாடியில் காவடிக்காரர்களின் பம்பை மேளச் சத்தம் கிளம்பியது.

"இந்தக் கிருத்திகை முடியட்டும், பாய்..." என்று ஆரம்பித்தார்.

தன்வீரின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பை பேனாவுக்குப் போனது.

ஜெகநாதன் வாயை மூடினார். கையை நீட்டினார். "அத இப்பிடிக் குடு. நீ ஆடாம உக்காரு."

நோட்டின் கடைசித் தாளில், மூக்கு என்று நினைத்துப் போட்டது காதாக வந்தது. பக்கத்திலேயே இன்னொரு மூக்கு போட்டார்.

"இன்னாங்க, உங்க மாமாவுக்குக் காப்பி கொண்டு போங்க" என்று கீழேயிருந்து அம்சா கூப்பிட்டாள்.

"வரைஞ்சுகினு கீறேன்" என்றார் ஜெகநாதன்.