மாடி வீட்டு வெயில்

"தலைப் பக்கம் கொஞ்சம் உசத்திப் பிடிங்க" என்றார் அத்தான். படிக்கட்டின் திருப்பத்தில் நால்வரும் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கினார்கள். போர்வையின் நான்கு முனைகளும் நான்கு பேர் கையில் இருந்தன. நடுவில் அக்கா. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தம்பிக்குக் கால் பக்கம் வாய்த்தது. காகிதத்தைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத கை வியர்வையில் வழுக்கியது. வழுக்க விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான்.

மேலே வைத்திருக்க வழியில்லாமல்தான் இந்தப் பாடு. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீடு அது. துக்கம் கேட்க வந்தவர்கள் காலையிலேயே சூட்டில் நிற்க முடியாமல் தவித்தார்கள். அக்காவின் மகள் வெளியூரிலிருந்து வந்து சேர மாலையாகிவிடும். வாடகைக்கு வந்த குளிர்ப்பெட்டியையும் நான்கு மாடி ஏற்ற முடியாது. எனவே கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தான்தான் முடிவு செய்தார்.

கீழே இறங்கியதும் காற்று முகத்தில் பட்டது. மரம் நன்றாகக் கவிந்து, தரையெல்லாம் நிழலாக இருந்தது. அக்காவைப் பெட்டியில் கிடத்தி மூடியைச் சாத்தினார்கள். இப்போதுதான் அவளுக்குக் குளிர்ச்சி கிடைத்திருக்கிறது என்று தம்பி நினைத்துக்கொண்டான்.

அவன் வேலையே வெயில்தான். வெயிலில் யார் சாகிறார்கள், ஏன் சாகிறார்கள், எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்ந்து அரசுக்கு எழுதிக்கொடுக்கும் நிறுவனத்தில் இருந்தான். முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அக்கா அவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவாள். "ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாது, பேரு டாக்டர்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பெருமை வழிவது ஊருக்கே தெரியும்.

கோடையில் தினமும் நண்பகலில் எல்லார் கைப்பேசிக்கும் போகும் எச்சரிக்கையை எழுதியது அவன்தான். 'வெளியே வராதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். தண்ணீர் குடியுங்கள்.' அனுப்புவதற்கு முன் நூற்றுக்கணக்கான பேரிடம் படித்துக்காட்டி, புரிகிறதா என்று சோதித்தார்கள். முதலில் படித்துக்காட்டியது அக்காவிடம். போனில் கேட்டுவிட்டு, "சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்டா" என்று சான்றிதழ் கொடுத்தாள். எல்லாருக்கும் புரிந்தது. புரிந்துகொண்டவர்களின் வீடு எப்படிப்பட்டது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியவர்கள் எல்லாம் கனத்த சுவர்களுக்குள் உட்கார்ந்து எழுதியவர்கள்.

நேற்று மாலை அத்தான் பேருந்து ஓட்டிவிட்டு வீடு திரும்பியபோது அக்கா தரையில் கிடந்தாள். உடம்பு தாங்காத சூடு, இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். தண்ணீர் எடுக்கப் போனபோது விழுந்திருப்பாள் என்று அத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியிடமும் அதையேதான் சொன்னார்.

எதிர்வீட்டுத் தையற்காரம்மாவுக்கு மனதில் எதையும் அடக்கிவைக்கத் தெரியாது. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மத்தியான வேளைகளில் நாங்கள் நாலைந்து பேர் இந்த மரத்தடிக்குத்தான் வந்துவிடுவோம், மேலே இருந்தால் வெந்துபோவோம், உன் அக்காவும் போன வருஷம்வரை வந்தவள்தான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே தொடங்கினாள்.

"இந்தத் தடவை உன் செய்தி வர ஆரம்பிச்சதுலேருந்து வரல தம்பி. எங்களுக்கும் படிச்சுக் காட்டுவா. நாங்க யாரும் கேக்கல. அவ ஒருத்திதான்..."

"அம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டுவரீங்களா?" என்று அத்தான் குறுக்கிட்டார். தண்ணீர்க் குடம் அவர் காலடியிலேயே இருந்தது.

தையற்காரம்மா குடத்தையும் பார்த்தாள், தம்பியின் முகத்தையும் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தம்பி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அத்தான், உங்களுக்குத் தெரியுமா?"

அத்தான் பெட்டியின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "மத்தியானம் டிப்போலேருந்து போன் பண்ணேன். கீழ போய் உக்காருடின்னேன். வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, என் தம்பிக்குத் தெரியுமான்னு கேட்டா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லி என்ன ஆகப்போகுது மச்சான்? அவதான் போயிட்டா. நீயாவது நல்லா இருக்க வேணாமா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. தம்பி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அத்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி இருந்தார். மனைவியை இழந்தவர் அவர். தட்டிக்கொடுக்க வேண்டியவன் இவன். இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன.

கைப்பேசி அடித்தது. அலுவலகம். இன்றைய எச்சரிக்கைக்கு அவன் சம்மதம் வேண்டும். துக்கத்தில் தொந்தரவு செய்கிறோம், நேற்றுப் போனதையே அனுப்பிவிடுகிறோம், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான் உதவியாளன். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் மாலைவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். தம்பி மேலே பார்த்தான். நான்கு மாடியிலும் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன.

"அனுப்பாதீங்க. மேடத்துகிட்ட குடுங்க."

இயக்குநர் அம்மா முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு, குழு கூடாமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது, அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம், இப்போது மாற்றினால் இத்தனை நாள் சொன்னது தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்றார். இருபது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பேர் நிறுவனத்துக்கு. அவர் கவலையிலும் நியாயம் இருந்தது.

"தப்புத்தான் மேடம். எங்கக்கா வெளிய போகல. கதவு ஜன்னலைச் சாத்திக்கிட்டு, நாம சொன்னபடியே வீட்டுக்குள்ளதான் இருந்தா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் குரல் தணிந்து வந்தது. "என்ன போடணும், சொல்லுங்க. நானே எழுதிக்கறேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அறிக்கை எழுதி எழுதிப் பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. எதுவும் உதவவில்லை. கடைசியில் அக்காவிடம் போனில் சொல்வதுபோலச் சொன்னான். வீட்டுக்குள்ளே வெளியைவிடச் சூடாக இருந்தால் உள்ளே இருக்காதீர்கள். கீழே இறங்கி நிழலில் வந்து உட்காருங்கள். தனியாக இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நண்பகலில் மரத்தடியில் இருந்தவர்களின் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. தையற்காரம்மா கண்ணைச் சுருக்கி வாசித்தாள். எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மேலே ஒரு கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

முதலில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி பாயோடு இறங்கி வந்தாள். அடுத்து மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவர், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் படிக்குப் படி இறக்கி வைத்து வைத்து வந்து சேர்ந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. பெட்டியைக் கண்டதும் தயங்கி நின்றுவிட்டார்.

"துக்க வீட்டுல வந்து இப்படிக் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா?"

அத்தான் எழுந்தார். தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, பெரியவரின் நாற்காலியை வாங்கிப் பெட்டியை ஒட்டி, நிழல் அடர்ந்த இடத்தில் வைத்தார்.

"இங்க உக்காருங்க. இங்கதான் நல்லா காத்து வரும்."

பெரியவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.