பானட்டுக்குள் அடங்காத எஞ்சின்

மே மாதக் கடைசியில் சயராகுலின் ஜீப் நடுவழியில் பிஸ்டன் உடைந்து நின்றது. அதற்குள் எங்கள் மலையூர் அத்-பாஷியின் மந்தைகளில் பாதி மலை மேய்ச்சலுக்கு ஏறிவிட்டிருந்தன. சயராகுல் எங்கள் வட்டாரக் கால்நடை மருத்துவர். கணவாய்க்கு அப்பால் அர்பா மேய்ச்சலில் இருக்கும் நாலாயிரம் ஆடுகளுக்கும் ஊசி போட வேண்டியவள் அவள்தான்.

மெக்கானிக் ஜெனிஷ் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த வண்டிக்கு இன்னொரு பெட்ரோல் எஞ்சினா? செத்த மாட்டுக்கு ஊசி போடுற மாதிரி அது. டீசலுக்கு மாத்திடுங்கக்கா."

"எந்த டீசல்?"

"அத மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. போன வருசம் ஒருத்தருக்கு நான் சொன்னேன், இன்னிக்கு வரைக்கும் என் சலாமுக்குப் பதில் சலாம் சொல்றதில்ல. நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க, நான் மாட்டித் தரேன். நாளைக்கு ஏதாச்சும் ஆனா உங்க வீட்டுக்காரரத் திட்டிக்கலாம்."

வீட்டுக்காரர் ஓமுர்பெக் பூகோள வாத்தியார். பள்ளிக்கு அன்றுதான் விடுமுறை விட்டிருந்தது. நாலு நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தையே நிரப்பிவிட்டார். எந்த எஞ்சின் எவ்வளவு கனம், முன் அச்சு எதைத் தாங்கும், கியர் பெட்டியோடு எது பொருந்தும் என்று ஒவ்வொரு பக்கத்திலும் படம். எழுத எழுத அவருக்குக் குழப்பம்தான் கூடியது.

ஊரும் சும்மா இருக்கவில்லை. காற்றை உள்ளே தள்ளிக் கொடுக்கும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு மலையில் மூச்சு வாங்கும், கரும்புகைதான் கக்கும் என்றான் சயராகுலின் தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கெமெல் அதைக் கேட்டுச் சிரித்தார்: "டர்போ போச்சுன்னா அர்பாவுல யாரம்மா வந்து பாப்பாங்க? பொந்துல இருக்குற மர்மோட்டா?" பள்ளிவாசல் இமாம் ஓமுர்பெக்கை வாசலிலேயே நிறுத்தி, ஜெர்மன் எஞ்சின்தான் சாகாத எஞ்சின் என்றார். கேட்கும்போது ஒவ்வொன்றும் சரியாகத்தான் பட்டது. வீடு திரும்பினால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது.

"எனக்கு ஆட்டுக்கு ஊசி போடணும்ங்க, அவ்வளவுதான்," என்றாள் சயராகுல். "அதுக்கு எதுக்கு இவ்வளவு படிக்கணும்?"

"படிக்காம எப்படிம்மா? கனமான எஞ்சினப் போட்டா மூக்கு சேத்துல குத்தும். லேசானத போட்டா ஏறாது."

"அப்ப நடுவுல இருக்கறத வாங்குங்க."

"எது நடுன்னுதான் தெரியல."

மறுநாள் இருவரும் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிற உதிரிபாகச் சந்தைக்குப் போனார்கள். வரிசை வரிசையாகக் கண்டெய்னர்கள், ஒவ்வொன்றின் வாசலிலும் எண்ணெய் வழிய எஞ்சின்கள். கடைசி வரிசையில் மிர்சாத் என்பவர் அவர்களை உட்காரவைத்து, சூடாக இறைச்சி வைத்த சம்சாவும் தேநீரும் கொடுத்துவிட்டு, மூன்று எஞ்சின்களைக் காட்டினார். ஒன்று ஐந்து சிலிண்டர் ஜெர்மன். மற்ற இரண்டும் ஜப்பான். ஒன்றில் டர்போ உண்டு, மற்றதில் இல்லை. மரப்பலகை மேலேயே வைத்து, பேட்டரியைக் கொடுத்து, பாட்டில் டீசலில் ஒவ்வொன்றாக ஓட விட்டார்.

"கேளுங்க. பூனை மாதிரி இல்ல?"

சயராகுலுக்கு மூன்றும் ஒரே இரைச்சலாகக் கேட்டன. பிறகு பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஜெர்மன் எஞ்சினின் விலாவில் வைத்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"டாக்டரம்மா, சினையா இருக்கா?" என்றான் ஒருவன்.

ஓமுர்பெக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், வேணாம், மானத்த வாங்காத," என்று முணுமுணுத்தார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சிலிண்டராக நகர்ந்தாள். மூன்றாவதில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள்.

"இந்த மூணாவது மட்டும் வேற மாதிரி துடிக்குது. நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. குதிரையா இருந்தா சொல்லிடுவேன்."

மிர்சாத் சிரித்தபடியே ஸ்பானரை எடுத்து, முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் குழாயைத் தளர்த்தினார். எஞ்சின் உடனே தடுமாறியது. மூன்றாவதைத் தளர்த்தினார். எந்த மாற்றமும் இல்லை, ஓட்டம் அப்படியே இருந்தது. அவர் சிரிப்பு நின்றுபோனது.

"இந்த சிலிண்டர் வேலையே செய்யலக்கா. நேத்துதான் வந்து இறங்குச்சு, சத்தியமா எனக்கே தெரியாது. இது உங்களுக்கு வேணாம்."

ஜெர்மன் போனது, குழப்பம் போகவில்லை. மீதி இரண்டும் அவள் காதுக்கு நன்றாகவே துடித்தன. டர்போவா, டர்போ இல்லாததா? ஓமுர்பெக் நோட்டைப் புரட்டினார், தரையில் உட்கார்ந்து அளவு நாடாவால் நீளமும் அகலமும் பார்த்தார், மறுபடி நோட்டைப் புரட்டினார். அந்த நேரம் அர்பாவிலிருந்து போன் வந்தது. ஆறு ஆடுகள் வாயில் நுரை தள்ளுகின்றன, டாக்டரம்மா எப்போது வருகிறார் என்று கேட்டார்கள்.

"டர்போ," என்றாள் சயராகுல்.

"ஏன்?"

"தெரியாது. நீங்க சொல்லுங்க ஏன்னு."

அவர் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

ஆடுகளை ஏற்றி வந்த லாரி ஒன்று காலியாகத் திரும்பியது. எஞ்சின் அதில் ஊர் வந்து சேர்ந்தது. சயராகுல் ஒரு குதிரையை இரவல் வாங்கி, மருந்துப் பெட்டியோடு கணவாயை ஏறிக் கடந்து, அந்த ஆறு ஆடுகளைப் பார்த்தாள். நாலு பிழைத்தன. ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது, ஜெனிஷின் பட்டறையில் எஞ்சின் ஜீப்பில் உட்கார்ந்திருந்தது. பானட்தான் மூடவில்லை. ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது.

"நீளம் சரி, அகலம் சரி, கனமும் சரி," என்றான் ஜெனிஷ், சிரிப்பை அடக்க முடியாமல். "வாத்தியார் உயரத்த அளக்கல."

ஓமுர்பெக் நோட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, தண்டிக்கப்பட்ட மாணவன் போல நின்றார். சயராகுலுக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது எங்கேயோ போனது.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்க முடியாதா?"

"எறக்கினா எண்ணெய்த் தொட்டி முன் அச்சுல இடிக்கும். பானட்ட வெட்டுறதுதான் வழி."

"வெட்டு."

ஜெனிஷ் வெட்டினான். பழைய எனாமல் பேசின் ஒன்றைக் கவிழ்த்து அந்த ஓட்டையின் மேல் ரிவெட் அடித்தான். நீல நிறம், ஓரத்தில் ரோஜாப்பூ.

ஜூன் பன்னிரண்டாம் தேதி இருவரும் கணவாயில் ஏறினார்கள். நாலாவது வளைவில் எஞ்சின் இருமியது. ஓமுர்பெக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு இருமவில்லை. பனி தொடங்கும் எல்லையைத் தாண்டிச் சீராக இழுத்தது. இறக்கத்தில் மூக்கு கொஞ்சம் ஆடியது. அது எஞ்சினால் வந்ததா, பழைய ஸ்பிரிங்கால் வந்ததா என்று அர்பா வரும்வரை இருவரும் சண்டை போட்டார்கள்.

அங்கே ஆட்டு மந்தைக்காரர் சத்திபால்தி பேசினைத் தட்டிப் பார்த்துவிட்டு, புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த கிண்ணத்தை நீட்டினார்.

"நல்லா ஏறுதே டாக்டரம்மா. என் வேனும் படுத்துடுச்சு. அதுக்கு எந்த எஞ்சின் போடலாம், டர்போவா, இல்லாததா?"

சயராகுல் வாயைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள். அவர் தொலைவில் இருந்த பனிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஆடுகளப் பட்டியில அடைங்க," என்று ஊசியை எடுத்தாள்.